கிராணியின் பேனாவும் கைப்பேசியும்

சென்ற பொங்கலுக்கு முந்திய வாரத்தில் நாம் வேலை பார்க்கும் தோட்டக் காரியாலயத்திற்கு மூதாட்டியார் ஒருவர் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இப்போது தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருப்பவர். கையில் ஒரு கைப்பேசி. அதை நம் மேசைமேல் வைத்து, "தம்பி, சிங்கப்பூர்ல இருக்கிற மகன் ஏதோ எழுதியிருக்கான். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். செய்தி தமிழே, எழுத்துத்தான் தமிழ் அன்று. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றும், பணம் அனுப்பியிருப்பதாகவும், முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிக்கொள்ள வேண்டுமென்றும் மகன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். படித்துச் சொன்னோம். அம்மூதாட்டியார் கேட்டு மகிழ்ந்தார், பின்னர்ச் சற்றே நாணத்துடன், "எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. ஆறாவது வரைக்கும் படிச்சேன். இந்த எழுத்துத்தான் தெரியல" என்றார்.

உண்மையே. அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை பயின்றவர். தமிழ் நாளிதழை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். தாய் அறிந்ததும் தமிழ், மகன் எழுதியதும் தமிழ். எனினும் மகன் கடிதத்தைப் படிக்கத் தாய்க்குக் கிராணி வேண்டியதாயிற்று.

ஒரு காலத்தில் எழுத்தறியாதார் கிராணியைத் தேடி வந்தனர். இன்று எழுத்தறிந்தாரும் தேடி வர நேர்ந்துள்ளது. உலகத்தையே உள்ளங்கையில் கொணர்ந்த கருவி, ஒரு தாயை எவ்வாறு எழுத்தறியாதவராக்கிற்று? இக்கேள்விக்கு விடை காண, எழுத்துக் கருவிகள் நம்மவர் கையில் வந்து சேர்ந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

பேனா பிடித்த கை

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கி, பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோரில் மிகப் பலர் எழுத்தறியாதார். அஃது அவர்தம் குற்றமன்று. படிப்பு இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு உரியதன்று என்று வகுத்து வைத்த ஜாதிக் கட்டுப்பாடே அவர்களைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தியது. கப்பலேறியும் அக்குறை அவர்களைத் தொடர்ந்து வந்தது.

ஊரிலிருக்கும் தாய்க்கு ஒரு வரி எழுத வேண்டுமாயின் தொழிலாளி கிராணியையோ, பள்ளி வாத்தியாரையோ, ஆஸ்பத்திரி டிரெசரையோ நாடினான். மனைவிக்குச் சொல்ல வேண்டிய அந்தரங்கத்தையும் அந்நியன் ஒருவன் காதில் சொல்லித்தான் எழுத வேண்டும். வந்த கடிதத்தையும் அவனே படித்துக் காட்ட வேண்டும். எழுதுகிறவன் நல்லவனாயின் நல்லது. அல்லனாயின், எந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் போகிறது, எந்தக் குடும்பத்தில் என்ன வழக்கு என்பவெல்லாம் அவன் கைக்குள் அடங்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறவனும் கிராணி. செக்ரோலில் பேர் போடுகிறவனும் கிராணி. குடும்பக் கடிதத்தை எழுதுகிறவனும் கிராணி. பேனா பிடித்த கைக்கு இருந்த அதிகாரம் சிறிதன்று.

1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென்று விதித்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் அவை பெயரளவில் பள்ளிகள். கங்காணியோ, கிராணியோ வேலை ஒழிந்த நேரத்தில் வந்து பாடம் சொல்லிப் போவார். அத்தகைய பள்ளிகளிலிருந்தும் ஒரு தலைமுறை தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டு வெளிவந்தது என்பதே வியப்பு.

எழுத்தறியாமை எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. 1942-ம் ஆண்டு முதல் ஜப்பானியர் சயாம் இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைக் கொண்டு சென்றனர். சென்றவரிடமிருந்து ஓலை வரவில்லை. இறந்தாரா, இருக்கிறாரா என்றறியாமலே குடும்பங்கள் காத்துக் கிடந்தன. 1957-ம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரவாசிக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை கேட்டுப் பாரம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டுமென்று எடுத்துச் சொல்வார் இல்லாமலும், சொன்னாலும் எழுதிக் கொடுப்பார் இல்லாமலும், இம்மண்ணிலேயே உழைத்து நரைத்த எத்தனையோ பேர் சிவப்பு அட்டையுடனேயே நின்றுவிட்டனர். 1969-ம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதார் வேலைப் பெர்மிட் பெற வேண்டுமென்ற விதி இறுகியபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் ஒரு குடும்பத்தின் நாட்டையே நிர்ணயித்தன. எழுத்து என்பது அலங்காரமன்று, உரிமை என்று நாம் சொல்வது இதனாற்றான்.

தட்டச்சுப் பொறியும் எழுத்துச் சீர்திருத்தமும்

பேனாவுக்கு அடுத்து வந்தது தட்டச்சுப் பொறி. தோட்டக் காரியாலயங்களில் அது ஆங்கிலமே பேசிற்று. இருபத்தாறு எழுத்தே உள்ள மொழிக்கு அமைத்த பொறி அது. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நாற்பத்தைந்துக்குச் சற்று ஏறக்குறைய விசைகள் உள்ள பொறியில், இரட்டை உரு வைத்தாலும், இத்தனையையும் அடக்குவது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ம் ஆண்டில் பிறந்து, இளமையில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் எழுத்து வேலை பார்த்தவர் அவர். அதாவது, அவரும் ஒரு கிராணியே! நாள்தோறும் ஆங்கிலப் பொறியைத் தட்டிய அவர், நம் மொழிக்கு இஃது ஏன் இல்லை என்று எண்ணினார். தட்டினாலும் தாள் நகராத 'நகரா விசை'யை அவர் பயன்படுத்தினார். மேல் விலங்கை முதலில் தட்டினால் தாள் நகராது. பின்னர் மெய்யுருவைத் தட்டினால் அது விலங்கின் கீழ்ச் சென்று அமரும். இரண்டு உருவும் கூடி ஓரெழுத்தாகும். இவ்வுபாயத்தினால் சில விசைகளே பல எழுத்துகளைத் தந்தன. ஜெர்மனியில் செய்விக்கப்பெற்ற அப்பொறி விற்பனைக்கும் வந்தது. அலுவலகத்தில் சம்பளத்துக்கு உழைத்த ஒருவர் ஓய்ந்த நேரத்தில் தம் மொழிக்குச் செய்த தொண்டு இது.

முத்தையா பொறியைத் தமிழுக்கு இணக்கினார். தமிழையும் பொறிக்குச் சிறிது இணக்கலாமே என்று கருதினார் பெரியார் ஈ. வெ. ராமசாமி. அவர் 1929-ம் ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்கு முதன்முறையாக வந்தபோது, நம் தாப்பாவுக்கு வடக்கே உள்ள ஈப்போ நகரில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார் என்பதை நம் வட்டாரத்தார் பெருமையுடன் நினைவு கொள்ளலாம். அவர் 1935-ம் ஆண்டில் தமது 'குடி அரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். ணா, றா, னா என்பவற்றுக்கும், ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும், அவற்றைச் சார்ந்த ஒகர ஓகாரங்களுக்கும் இருந்த தனி உருவங்களை நீக்கி, மற்றை எழுத்துகளைப் போலவே பொதுக் காலும் பொது இணைக்கொம்பும் இட்டு எழுதுவதே அது. அச்சுக் கோப்பவனுக்கு உருக்கள் குறைந்தன. பள்ளிப் பிள்ளைக்கு மனப்பாடம் குறைந்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. தமிழ் அழிந்தது என்று புலம்பியவரும் உண்டு. தமிழ் அழியவில்லை. வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரிய உருவம் திருத்தியபோதும் தமிழ் அழிந்ததில்லை. 1978-ம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலிருந்த தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டது. பின்னர் நம் நாட்டுப் பள்ளி நூல்களிலும் அது ஏறியது. இன்று நாம் கைப்பேசியில் 'னை' என்று தட்டும் ஒவ்வொரு முறையும், 1935-ல் ஏச்சுக்காளான ஒரு திருத்தத்தின் பயனை அனுபவிக்கிறோம்.

அதே 1935-ம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பாகக் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1924-ம் ஆண்டில், கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியிருந்தது. லயத்துத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம் அது. அந்தத் 'தமிழ் நேசன்' 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் நின்றுபோயிற்று. தாள் தளர்ந்துவிட்டது, திரை வளர்ந்துவிட்டது. திரையில் தமிழ் உண்டா என்பதே நம் தலைமுறையின் கேள்வி.

கணினிக்குள் தமிழ்

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாக அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று உலகம் ஒப்புக்கொண்டாலன்றி, ஓரிடத்தில் எழுதியது வேறிடத்தில் விளங்காது. தொடக்கத்தில் தமிழுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. 1980-களில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய எண் முறையை வைத்துக்கொண்டனர். ஒருவர் 'அம்மா' என்று எழுதி அனுப்பியது, மற்றவர் கணினியில் புரியாத குறிகளாய்ச் சிதறி விழுந்தது.

அத்தொடக்க காலத்தில் நம் நாட்டின் பங்கு பெரிது. மலேசியக் கவிஞரும் தமிழாசிரியருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-ம் ஆண்டு முதல் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் 'முரசு அஞ்சல்' என்று உலகத் தமிழர் வழங்கியது அதுவே. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னின்றார். 1995-ம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையப் பக்கத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997-ல் சிங்கப்பூரில் அறிஞர் கூடினர். 1999-ல் சென்னையில் கூடித் 'தமிழ்99' என்னும் பொது விசைப்பலகையை வகுத்தனர். 2000-ல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தை நிறுவினர். 2001-ல் கோலாலம்பூரில் மாநாடு கூட்டினர். கோவிந்தசாமி இவற்றின் முழுப் பயனைக் காணுமுன்னரே 1999-ல் மறைந்தார்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் முறையாக 'யூனிகோடு' 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. அவற்றுள் இன்று நிரம்பியுள்ளவை 72. 247 எழுத்தும் 72 இடத்தில் எங்ஙனம் அடங்கும் என்று கேட்கலாம். முத்தையாவின் உபாயம் போன்றதே இதுவும். 'கி' என்பதற்குத் தனி எண் இல்லை. 'க' என்பதற்கு ஓர் எண், இகர விலங்குக்கு ஓர் எண். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கணினி அவற்றை இணைத்து ஓரெழுத்தாய் வரைந்து காட்டும். தட்டச்சுப் பொறியில் இரும்பு செய்த வேலையைக் கணினியில் கணக்குச் செய்கிறது. 2000-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 இம்முறைப்படி தமிழைத் தாங்கி வந்தது. முத்து நெடுமாறன் வடித்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

ஆகவே, நம் சமூகத்தில் தோன்றியவர்கள் உழைத்து, தமிழ் எழுத்தை உலகப் பொறிகளின் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டனர். அப்படியிருக்க, அம்மூதாட்டியாரின் மகன் ஏன் ஆங்கில எழுத்தில் எழுதினார்?

நூற்றறுபதும் எழுபதும்

மகனைப் பழிப்பதற்குமுன் அப்பழக்கம் வந்த வழியை அறிதல் நேர்மை. 2000-ம் ஆண்டையொட்டிக் கைப்பேசி தோட்டங்களுக்குள் நுழைந்தபோது அது பொத்தான் வைத்த சிறு கருவி. ஊருக்குத் தந்தியடித்த குடும்பங்கள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கின. அக்கருவிகளில் மிகப் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. இருந்தவற்றிலும் ஒரு தடை நின்றது. ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடிய அளவு 140 பைட். ஆங்கில எழுத்தாயின் அதில் 160 அடங்கும். யூனிகோடு எழுத்தாயின் 70 மட்டுமே அடங்கும். அதிலும் மெய்க்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று கணக்காகும். 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல் ஏழிடத்தைக் கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த நாளில், தமிழெழுத்தில் எழுதுகிறவன் இரட்டைச் செலவு செய்ய வேண்டியிருந்தது. ஏழைத் தொழிலாளியும் மாணவனும் ஆங்கில எழுத்தைப் பற்றியது தமிழின்மேல் வெறுப்பினால் அன்று, காசின் அருமையினால்.

அத்தடையையும் உடைக்க முயன்றவர் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-ம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்ப வழி பிறந்தது. பின்னர்த் திறன்பேசிகள் வந்தன. நம் நாட்டு ஏடுகள் 'புலனம்' என்றெழுதும் வாட்ஸாப் வந்தது. எழுத்தெண்ணிக் காசு வாங்கும் முறை ஒழிந்தது. இன்று கடையில் வாங்கும் சாதாரணத் திறன்பேசியிலும் தமிழ் எழுத்துரு உண்டு. விசைப்பலகையும் உண்டு, அல்லது செலவின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். தடை நீங்கிப் பல ஆண்டுகள் ஆயின. தடை தந்த பழக்கம் மட்டும் நீங்கவில்லை. விலங்கு கழன்ற பின்னும் கட்டுண்டவன் போலக் காலை இழுத்து நடக்கிறோம்.

நம் பிழை

பிறரைக் குறை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறை. நாம் ஆங்கில வழியில் படித்தவர். தமிழ் படிக்க வரும். பேனா பிடித்துத் தமிழ் எழுதினால் றகரமும் ரகரமும் இடம் மாறி நிற்கும். ஆகவே நாமும் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி வந்தோம். தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு மலாயில் அறிவிப்பு. நம்மவர்க்கு ஆங்கில எழுத்தில் தமிழறிவிப்பு. இதுவே வழக்கமாயிற்று.

ஒரு முறை, ஓய்வு பெற்றோர் சில தாள்களை இன்ன தேதிக்குள் கொண்டுவர வேண்டுமென்று அவ்வாறே புலனக் குழுவில் எழுதியிருந்தோம். இருவர் வரவில்லை. தேதி கடந்த பின் வந்து, "யாரும் சொல்லலையே தம்பி" என்றனர். குழுவில் இருந்தது, அவர்கள் கைப்பேசியிலும் இருந்தது, அவர்களுக்குத்தான் படிக்க இயலவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த அவ்விருவர்க்கும் தமிழில் எழுதாதவர் நாம். மறு தேதி கிடைத்ததனால் நட்டமின்றிப் போயிற்று. கிடைக்காதிருந்தால்? சிவப்பு அட்டையின் கதையை மேலே எழுதிய கை இதே கைதான் என்பதை மறைப்பதில் பயனில்லை.

அன்று மாலை காரியாலயத்து மடிக்கணினியைத் துருவினோம். அமைப்புப் பட்டியலில், மொழிகளின் வரிசையில், 'தமிழ்' என்று இருந்தது. பல ஆண்டுகளாக நாள்தோறும் தட்டிய பொறிக்குள்ளேயே நம் மொழி அழைப்பாரின்றி உறங்கிக் கிடந்திருக்கிறது! சேர்த்தோம். முதல் வாரம் ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. ஒரு மாதத்தில் ஆங்கிலத்துக்கு இணையாக விரல் ஓடிற்று. பேனாவால் எழுதத் தடுமாறிய நமக்குத் தமிழ் எழுத்தைத் திருப்பிக் கொடுத்தது அக்கருவியே. கருவி தமிழைக் கெடுத்தது என்பார்க்கு இதுவே நம் விடை.

2020-ம் ஆண்டு மார்ச் 18 முதல் நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டில் அடங்கியபோது கைப்பேசியின் மற்றொரு முகத்தையும் கண்டோம். பள்ளிகள் மூடின, பாடங்கள் கைப்பேசியில் வந்தன. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரு கைப்பேசி; அதுவும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்று மாலையில் கொணர்வது. செம்பனை மறைக்காத மேட்டைத் தேடி, அலை கிடைக்கும் இடத்தில் பிள்ளைகள் நின்றனர். வசதியுள்ளவனுக்கு மடிக்கணினி, இல்லாதவனுக்கு மேட்டு நிலம். பழைய ஏற்றத்தாழ்வு புதிய கருவியிலும் புகுந்துகொண்டது. கருவி தானாகச் சமத்துவம் தராது. தருமாறு நாம்தான் செய்ய வேண்டும்.

மறுப்பும் விடையும்

"துருக்கியர் 1928-ம் ஆண்டில் அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்தைக் கொண்டனர், மலாய் மொழியும் ஜாவியை விட்டு ரூமிக்கு வந்தது, தமிழும் வந்தால் என்ன?" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். சீர்திருத்தக்காரர் என்ற முறையில் இக்கேள்வியைத் தள்ளிவிட மாட்டோம். ஆயின் வேற்றுமையை நோக்குக. துருக்கியில் சட்டம் செய்து, பள்ளி திறந்து, நூல் அச்சிட்டு, மக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மாறினர். மலாய் மொழிக்கும் ஒழுங்கான எழுத்து முறை உண்டு. 1972-ம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்து முறையொன்றைக் கைக்கொண்டன. நம்முடைய ஆங்கில எழுத்துத் தமிழுக்கோ சட்டமுமில்லை, இலக்கணமுமில்லை, பாடநூலுமில்லை. ஒருவர் எழுதுவது போல் மற்றொருவர் எழுதுவதில்லை. 'மனம்' என்பதும் 'மணம்' என்பதும் அதில் ஒன்றாய் நிற்கும். 'கலை'யும் 'களை'யும் ஒன்றாகும். 'அரை'யும் 'அறை'யும் ஒன்றாகும். சீர்திருத்தம் என்பது கற்போர் தொகையைப் பெருக்குவது. இதுவோ கற்றவரையே கல்லாதவராக்குகிறது. இதைச் சீர்திருத்தம் என்னோம், சோம்பல் என்போம்.

"எழுத்தே வேண்டா, குரலை அனுப்பலாமே" என்பார் வேறு சிலர். குரல் செய்தியை நாம் இகழோம். பள்ளி வாசலையே மிதிக்க விடாத பாட்டிமார் தம் குரலில் பேரனை அழைக்கிறார்களென்றால் அது பெரும் விடுதலை. ஆயினும் தேதியும் தொகையும் உரிமையும் தாங்கிய செய்தி எழுத்தில் நிற்க வேண்டும். குரல் காற்றோடு போகும். எழுத்து சாட்சியாய் நிற்கும்.

இன்னும் ஒன்று. தமிழ் எழுத்தில் வருவன எல்லாம் தமிழுக்கு நன்மை என்று எண்ணற்க. "இதைப் பதினொருவருக்கு அனுப்பு, அனுப்பாவிடில் வீட்டில் துன்பம் நேரும்" என்று முன்னே தபால் கார்டில் வந்த மூடத்தனம் இன்று கைப்பேசியில் வருகிறது. எலுமிச்சம் பழத்தால் எல்லா நோயும் தீரும் என்ற மருத்துவமும், கிரகம் பெயர்ந்ததால் குடி கெடும் என்ற சோதிடமும், ஜாதிப் பெயர் சூட்டிய குழுக்களும் அழகிய தமிழ் எழுத்திலேயே உலவுகின்றன. கப்பலேறி வந்த ஜாதி கைப்பேசியிலும் ஏற வேண்டுமா? அனுப்புமுன் ஒரு நொடி, "இது மெய்யா? யார் கண்டது?" என்று கேட்டால், பாதிச் செய்தி அங்கேயே நின்றுவிடும். எழுத்தைப் பெற்றால் மட்டும் போதாது. பகுத்தறிவோடு பெற வேண்டும்.

செய்யத் தக்கவை

நாம் வேண்டுவன பெரியனவல்ல. முதலாவது, தமிழ் படித்த ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை இன்றே சேர்த்துக்கொள்க. பத்து நிமிஷ வேலை. இரண்டாவது, தோட்டக் காரியாலயங்களும் நம் சங்கங்களும் கோயிற் குழுக்களும் கூட்டுறவுக் கடைகளும் தமிழருக்கு விடுக்கும் அறிவிப்பைத் தமிழ் எழுத்தில் விடுக்க. மலாயும் ஆங்கிலமும் உடன் நிற்கட்டும், தடையில்லை. மூன்றாவது, தமிழ்ப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முதியோரைக் கூட்டிக் கைப்பேசி கற்றுக்கொடுக்க. முதியோரும் அப்பிள்ளைகளுக்கு ஒற்றுப் பிழை திருத்திக் கொடுக்க. ஒருவரிடம் விரல் உண்டு. மற்றவரிடம் எழுத்து உண்டு.

தொடங்கிய கதையை முடிப்போம். அம்மூதாட்டியாரின் கைப்பேசியில், விரலால் திரைமேல் எழுதினால் அதை அச்செழுத்தாக மாற்றும் வசதியை அமைத்துக் கொடுத்தோம். "பாட்டி, சிலேட்டுல எழுதுற மாதிரி எழுதுங்க" என்றோம். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல் திரைமேல் மெல்ல ஊர்ந்தது. முதல் எழுத்து பிழையாக விழுந்தது; அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார். 'மருந்து வாங்கிட்டேன்' என்று ஒரு வரி எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நாம் ஓரெழுத்தும் தொடவில்லை.

மறுநாள் மகனிடமிருந்து விடை வந்ததாம். தமிழ் எழுத்தில், மூன்று பிழைகளோடு. பாட்டி அதைப் படித்துக் காட்டவே காரியாலயத்துக்கு வந்தார். படிக்கச் சொல்லி அன்று, படித்துக் காட்ட!

கிராணிக்கு வேலை ஒன்று குறைந்தது. குறையட்டும். இப்படிப்பட்ட வேலை தாப்பாவில் மட்டுமன்று, தமிழர் வாழும் தோட்டந்தோறும் நகரந்தோறும் குறைந்து ஒழிவதே நாம் வேண்டுவது. அதற்கு நேயர்கள் இன்றைக்கே தம் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு வரி தமிழில் எழுதித் தொடங்குக.